தாலியம் ஸ்கேனும் 510(கே)யும்

பெங்களூரில் பொட்டி தட்டிப் பிழைப்பவர்களில் நானும் ஒருவன். நான் தட்டுகிற பொட்டியில் வங்கிக் கணக்கோ ரயில் டிக்கெட்டோ வராது, இதயம் வரும். நியூக்ளியர் ஸ்கேன் எடுத்த இதயப் படங்களை வாங்கி, அலசி, டாக்டர் பார்க்கத் தோதாக வரைந்து, பக்கத்தில் நாலு எண்களையும் எழுதிக் கொடுக்கிற மென்பொருள். அதிலும் எனக்கு வாய்த்த ஆணி, நிரல் எழுதுவது இல்லை. எழுதிய நிரல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று அமெரிக்காவின் எஃப்டிஏவுக்குக் காகிதம் தயாரிப்பது.

இது எங்கள் அபார்ட்மெண்டில் தெரிந்த நாளிலிருந்து, அப்பா அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என்னை மடக்குகின்றன. நான் டாக்டர் இல்லை என்று சொன்னாலும் விடுவதில்லை. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "இந்த சாஃப்ட்வேர் எஃப்டிஏ அப்ரூவ்டுன்னு சொல்றாங்க சார். அப்போ இந்த நம்பர் கரெக்டுதானே?"

அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். காபி கலந்து எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஸ்கேன். நாம் எல்லாரும் தாலியம் ஸ்கேன் என்று சொன்னாலும் இன்று பெரும்பாலும் ஊசியில் ஏறுவது டெக்னீஷியம்-99எம் சேர்ந்த மருந்து. 6 மணி நேரத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். ரத்தம் நன்றாகப் பாய்கிற இதயத் தசை இந்த மருந்தை நிறைய இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும். ரத்தம் போதாத தசை மங்கலாகத் தெரியும். ஓய்வில் ஒரு தரம், ட்ரெட்மில்லில் நடக்கவிட்டோ மருந்து கொடுத்தோ இன்னொரு தரம் எடுப்பார்கள். சிரமப்படும்போது மட்டும் மங்கினால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகம். இரண்டிலும் மங்கினால் பழைய தழும்பாக இருக்கலாம்.

கேமரா நெஞ்சைச் சுற்றி வந்து காமா கதிர்களை எண்ணுகிறது. செல்போன் படம் மாதிரித் துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். சாதாரணமாக 64க்கு 64 கட்டம், ஒரு கட்டம் சுமார் 6.4 மில்லிமீட்டர். இந்தப் புள்ளிக் கோலத்திலிருந்து மென்பொருள் இதயத்தை முப்பரிமாணத்தில் கட்டி எழுப்புகிறது. பிறகு இடது கீழறையின் உள்சுவர் எங்கே, வெளிச்சுவர் எங்கே என்று தானே கோடு போடுகிறது. ஈசிஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு துடிப்பை 8 அல்லது 16 துண்டாகப் பிரித்து, அறை எவ்வளவு விரிந்தது, எவ்வளவு சுருங்கியது என்று கணக்குப் போடுகிறது. 100 மில்லி நிறைந்து 60 மில்லி வெளியே போனால் ஈஎஃப் 60 சதவீதம். ரிப்போர்ட் கையில் வந்ததும் நம் கண் முதலில் தேடுகிற எண் இதுதான்.

அடுத்தது போலார் மேப் என்கிற வட்டப் படம். குடையை விரித்துத் தட்டையாக்கினால் எப்படியோ அப்படி இதயச் சுவரை விரித்து வைப்பது. அமெரிக்க இதயச் சங்கம் 2002ல் சொன்னபடி அதை 17 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 0 என்றால் நலம். அந்தப் பகுதி நலமா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே இதய நோய் இல்லாதவர்கள் என்று கருதப்பட்ட பலரின் படங்களைச் சேர்த்து ஒரு நார்மல் தரவு வைத்திருக்கும். அதோடு ஒப்பிடும்.

இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்குகிற மென்பொருள்கள் மூன்று. லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாயில் பிறந்த க்யூஜிஎஸ் (கைடோ ஜெர்மானோவும் குழுவினரும் 1995ல் வெளியிட்ட கணக்குமுறை), அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பிறந்த எமரி கார்டியாக் டூல்பாக்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த 4டிஎம். மூன்றும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 510(கே) என்ற வாசல் வழியாகத்தான்.

அதென்ன 510(கே)? அமெரிக்க உணவு, மருந்துச் சட்டத்தின் ஒரு பிரிவு எண். மருத்துவக் கருவிகளுக்கான திருத்தம் 1976ல் வந்தது. பெரிய ஆபத்தில்லாத, ஓரளவு தெரிந்த வகைக் கருவி என்றால் "ஏற்கெனவே சந்தையில் சட்டப்படி இருக்கிற இன்ன கருவிக்கு என் கருவி சாராம்சத்தில் சமம்" என்று நிரூபித்தால் போதும். அந்த முன்னோடிக் கருவிக்கு ப்ரெடிகேட் என்று பெயர். அதுவும் தனக்கு முந்தைய ஒன்றைக் காட்டித்தான் உள்ளே வந்திருக்கும். பெண் பார்க்கப் போகும்போது "இன்னார் வீட்டுக்குச் சொந்தம்" என்று சொல்லிக்கொண்டு போகிற கதைதான் :-)

இந்த வழியில் வந்த கருவிக்குக் கிடைப்பது க்ளியரன்ஸ், அப்ரூவல் அல்ல. இதய வால்வு மாதிரி ஆபத்து அதிகமான கருவிகள் தனியே மருத்துவச் சோதனை காட்டி வாங்குவதுதான் அப்ரூவல். 510(கே) கடிதத்தை வைத்துக்கொண்டு எஃப்டிஏவே அங்கீகரித்தது என்று விளம்பரம் செய்வது அமெரிக்க விதிப்படி தவறு. விற்பனைக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் அப்ரூவ்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

சரி, அந்தக் காகிதத்தில் என்னதான் இருக்கும்? எஃப்டிஏ ஆய்வாளர் பொதுவாக நம் மென்பொருளை ஓட்டிப் பார்ப்பதில்லை, நிரலை வரிவரியாகப் படிப்பதும் இல்லை. நாம் கொடுக்கிற ஆவணங்களைத்தான் குடைவார். மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல், எது தவறினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்ற ஆபத்துக் கணக்கு, ஒவ்வொரு ஆபத்துக்கும் என்ன தடுப்பு, அந்தத் தடுப்பு வேலை செய்கிறது என்று எந்தச் சோதனை காட்டுகிறது என்ற சங்கிலி. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கேள்வி வரும். முடிவு சொல்ல எஃப்டிஏவின் இலக்கு 90 நாள். அது அவர்கள் கையில் இருக்கும் நாள் மட்டும். கேள்வி கேட்டுவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். பதில் சொல்ல நமக்கு 180 நாள் வரை அவகாசம். அந்தக் காலத்தில் எங்கள் டீமில் யாரும் தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போடுவதில்லை.

எனக்குப் பிடித்த ஆவணம் ஒன்று உண்டு. தெரிந்தே சரிசெய்யாமல் விட்ட பிழைகளின் பட்டியல். ஆமாம், பிழைகளோடுதான் மென்பொருள் வெளியே போகிறது. ஒவ்வொரு பிழையும் என்ன, யாருக்கு எப்போது வரும், நோயாளிக்குத் தீங்கு இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் தரம் அதைப் பார்த்தபோது பயந்தேன். இப்போது அந்தப் பட்டியல் காலியாக இருந்தால்தான் பயம்.

இன்னொன்று, உபயோகம் என்ன என்று சொல்கிற ஒரே ஒரு பத்தி. அதற்கு நாங்கள் சண்டை போடுகிற மாதிரி எதற்கும் போடுவதில்லை. "நோயைக் கண்டறியும்" என்று எழுதினால் ஒரு பாதை, "கண்டறிய மருத்துவருக்கு உதவும்" என்றால் வேறு பாதை. ஒரு சொல்லுக்காக இரண்டு மீட்டிங் ஓடியிருக்கிறது. இந்த வகை மென்பொருள்கள் கடைசியில் சொல்வது சுருக்கமாக இதுதான்: நான் உதவியாளன், முடிவு சொல்ல வேண்டியவர் படிக்கத் தெரிந்த டாக்டர்.

ஆக, க்ளியரன்ஸ் என்பது மென்பொருள் தான் சொன்ன வேலையை, முன்னோடிக்குக் குறையாமல் செய்கிறது என்பதற்கான ஒப்புதல். உங்கள் அம்மாவின் ஈஎஃப் இதுதான் என்பதற்கான உத்தரவாதம் அதில் இல்லை. இந்த வித்தியாசம் ஒரு வீட்டை எவ்வளவு ஆட்டும் என்பதை 2024ல் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு விருதுநகர்க்காரர். அவருடைய அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஊரில் தனியாக இருக்கிறார். 2022ல் மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது ஈஎஃப் 71. 2024ல் பேரன் காதுகுத்துக்கு பெங்களூர் வந்த இடத்தில் லேசாக மூச்சு வாங்க, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். 58. இரண்டு வருஷத்தில் 13 புள்ளி போய்விட்டது என்று வீடே ஆடிப்போய்விட்டது. புனேயில் இருக்கிற தம்பியும் டெல்லியில் இருக்கிற தங்கையும் போனில் ஒரே சண்டை. அம்மாவைத் தனியாக விட்டது யார், அப்போதே கூட்டி வந்திருந்தால் என்ன, ஊர் வீட்டைப் பூட்டிவிடலாமா, விற்றுவிடலாமா. வெளியூரில் இருக்கிற நமக்கெல்லாம் இந்தக் குற்ற உணர்ச்சி எப்போதும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு எண் வந்து கதவைத் தட்டினால் போதும்.

இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் மென்பொருளின் பெயர். வேறு வேறு. ஒரே நோயாளி, ஒரே படம் என்றாலும் இரண்டு மென்பொருள் இரண்டு ஈஎஃப் தரும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சுவர்க் கோட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போடுகிறது. 8 துண்டா 16 துண்டா என்பதே சில புள்ளிகளை மாற்றும். அந்த அம்மா ரொம்பச் சின்ன உருவம் வேறு. சின்ன இதயம் முழுக்கச் சுருங்கும்போது எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்கி, கேமராவின் மங்கலில் ஒன்றாகக் கலந்துவிடும். அறையில் மிச்சமிருக்கும் ரத்தம் இருப்பதை விடக் குறைவாகத் தெரியும், ஈஎஃப் ஏறிவிடும். நம்மூர்ப் பெண்களில் சின்ன உடம்புக்காரர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒப்பிடப் பயன்படும் நார்மல் தரவு எந்த ஊர் மனிதர்களுடையது, எந்த மருந்தில், எந்தக் கேமராவில் எடுத்தது என்பதும் போலார் மேப்பைப் பாதிக்கும். மார்பகம் மறைப்பதாலும் உதரவிதானம் மறைப்பதாலும் ஆண் பெண் இருவருக்கும் தனித்தனித் தரவு வைப்பதே இதனால்தான்.

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். நல்லவேளை, மதுரை ஆஸ்பத்திரி கொடுத்த சிடியை அந்த அம்மா மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். இங்கிருந்த நியூக்ளியர் மெடிசின் டாக்டர் பொறுமையானவர். இரண்டு படங்களையும் ஒரே மென்பொருளில் ஓட்டினார். 62, 60. ரத்த ஓட்டப் படத்திலும் மாற்றம் இல்லை. இந்த இரண்டு புள்ளி கணக்கிலேயே வராது என்றார். மூச்சு வாங்கியதற்குக் காரணம் ரத்த சோகை என்று பிறகு தெரிந்தது.

பிள்ளைகள் இதை விளக்கி முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "கம்ப்யூட்டரு மாறுனதுக்கு நான் ஏய்யா வீடு மாறணும்?" அடுத்த வாரமே விருதுநகர் போய்விட்டார்.

எண் எதுவும் நம்பத் தக்கதல்ல என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையாகவே 13 புள்ளி இறங்குகிறவர்களும் உண்டு. அவர்களைக் காலத்தில் காப்பாற்றுவதும் இதே ஸ்கேன்தான். எண்ணோடு அதன் ஊரையும் பேரையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நம் நாட்டு நிலவரம்? 2020 ஏப்ரல் 1 முதல் மென்பொருள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. உரிமம் கட்டாயம் என்பது ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபர் 1லும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் 1லும் வந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பார்ப்பது கதிரியக்கப் பாதுகாப்பை. ஈஎஃப் கணக்கைச் சரிபார்ப்பது அதன் வேலை இல்லை. எந்த முத்திரை எதற்கு என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

கடைசியாக, உங்களால் ஆகக்கூடியவை. ரிப்போர்ட்டில் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். பழைய ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே மென்பொருளில் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆர்வம் இருப்பவர்கள் எஃப்டிஏவின் இணையத் தளத்தில் மென்பொருளின் பெயரைப் போட்டுத் தேடலாம். கே என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட எண் வரும், முதல் இரண்டு இலக்கம் வருடம். அதைத் திறந்தால் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அந்த ஒரு பத்தி இருக்கும். நாங்கள் அடித்துக்கொண்டு எழுதியது, ஒரு தரமாவது படியுங்கள்.

முக்கியமாக சிடி. அச்சடித்த வண்ணப் படத்தை மறுபடி கணக்குப் போட முடியாது, மூலப் படம் வேண்டும். ஆஸ்பத்திரியில் மூலத் தரவோடு சிடியோ பென் டிரைவோ கேட்டு வாங்கி, இங்கே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பீரோவில் இருக்கிற பழைய சிடியை, எதில் போட்டுப் பார்ப்பது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.