வெள்ளைத் துணியில் ஒட்டிய சிவப்பு

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் பத்தமடை. நான் போயிருந்த வீட்டுத் திண்ணையில் சாயம் தோய்த்த கோரை கட்டுக் கட்டாகச் சாத்தியிருந்தது. உள்ளே தறி. தறிக்கு மேலே சுவரில் ஆணியடித்து ஒரு பள்ளிக்கூட நோட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

“அது குறை நோட்டு தம்பி” என்றார் அந்த அக்கா. முப்பது வருஷமாகப் பாய் நெய்கிறவர்; இப்போது வியாபாரி இல்லாமல் நேரடியாகவே விற்கிறார். பாய் வாங்கிப்போனவர்கள் போனில் சொல்வதையெல்லாம் மகள் அதில் தேதி போட்டு எழுதிவைக்கிறாள். முதல் பக்கத்தில் முதல் வரி: ‘சிவப்பு ஒட்டுது. வெள்ளை விரிப்பு பாழ்.’

“வியாபாரிகிட்ட குடுத்த காலத்துல இப்படி ஒரு பேச்சு என் காதுல விழுந்ததே இல்ல. கூலியில பத்து இருபது குறைப்பாவ. எதுக்குக் குறைச்சாவன்னு தெரியாது.”

இதைக் கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. பாயின் குறைக்கான தண்டனை அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. குறை என்ன என்பது மட்டும் வழியிலேயே நின்றுபோயிருக்கிறது. வீட்டிலிருந்தே உழைக்கும் பெண்களில் பலருக்கு இதுதான் நிலைமை.

ஆற்றங்கரைக் கோரையைக் கீறிக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் தறிக்குக் கொண்டுவருவார்கள். இத்தனை பாடும் ஒரு சாயத்தில் கெடலாமா? விரிப்பு பாழான அந்த அம்மாவிடம் அக்கா விசாரித்திருக்கிறார். வியர்வை பட்ட இடத்தில்தான் ஒட்டியது என்று தெரிந்திருக்கிறது. சாயத்தில் கொதிக்கவைத்த கோரையை அலசாமல் நேராக வெயிலில் போட்டதுதான் காரணம். இப்போது தண்ணீர் தெளியும்வரை அலசுகிறார். காய்ந்த பிறகு ஒவ்வொரு கட்டிலும் சோதனை. பழைய வேட்டித் துண்டை நனைத்து, கோரையை அதற்குள் பிடித்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். துணியில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. “இது இன்னொரு அலசு கேக்குது” என்று அந்தக் கட்டைத் தனியாக ஒதுக்கினார். இதனால் அரை நாள் கூடுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் இப்போது விலை சொல்கிறார். வாங்குகிறவர்களும் கொடுக்கிறார்கள்.

நோட்டில் இன்னொரு பக்கம் கல்யாணப் பாய்க்கு. மணமக்கள் பெயரை நெய்து தருவது இந்த ஊர் வழக்கம். ஒருமுறை மணப்பெண் பெயரில் ‘ள’ வரவேண்டிய இடத்தில் ‘ல’ விழுந்துவிட்டது. போனில் கேட்டு எழுதியதால் வந்த பிழை. கல்யாணப் பாயைத் திரும்ப நெய்ய நேரம் ஏது? இப்போது பெயரை அவர்கள் கையாலேயே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் பாவு பூட்டுகிறார்.

1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நயம் பாயைப் பட்டுப்போல மடிக்கலாம் என்ற பேரும் அதற்கு உண்டு. அந்தப் பேரை நம்பி, முரட்டுக் கோரையில் நெய்த சாதாரணப் பாயையும் மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கோரை முறிகிறது. ‘சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள்’ என்று ஒவ்வொரு பாயிலும் சீட்டு கட்டத் தொடங்கியபின் அந்தப் புகார் குறைந்துவிட்டதாம்.

கேட்பதையெல்லாம் அவர் செய்வதில்லை. விலையைக் குறைக்க பிளாஸ்டிக் கலந்து நெய்யச் சொன்னவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். அது சரி என்றே நானும் நினைக்கிறேன். பாய் வீட்டில் எப்படி உழைக்கிறது என்பது வாங்கியவருக்குத் தெரியும். எதில் நெய்தால் அது பத்தமடைப் பாய் என்பது நெய்கிறவருக்குத்தான் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. குறை என்று வந்தால் ‘கை சரியில்லை’ என்று பேசுவார்களே என்று முன்பெல்லாம் பெண்கள் மறைத்துவிடுவார்களாம். இப்போது தெருவில் நெய்கிற நாலைந்து பேர் மாதம் ஒருநாள் கூடி, இந்த நோட்டைச் சத்தமாகப் படிக்கிறார்கள். ஒரு வீட்டில் கற்றது அன்றைக்கே மற்ற வீடுகளுக்கும் போய்ச் சேர்கிறது.

பாயானாலும் அப்பளமானாலும், வீட்டில் செய்து விற்கிற ஒரு பெண்ணிடம் நீங்கள் வாங்கியிருந்தால், கொஞ்சநாள் புழங்கிவிட்டு அவருக்கே ஒரு போன் போடுங்கள். நன்றாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். குறை இருந்தால் எங்கே, எப்படி என்று விவரமாகச் சொல்லுங்கள். விலையில் மட்டும் கைவைக்காதீர்கள்.