மதுரையில் மூன்று வாரங்கள்

2018-ஆம் ஆண்டின் இறுதி விடுமுறையில் நாம் திருச்சி வழியாக மதுரை சென்று, அண்ணா நகரிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்று வாரங்கள் தொண்டு செய்து திரும்பினோம். "தலைமையாசிரியருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?" என்று அந்நாளில் பெற்றோர் பலர் நம்மை வினவியதுண்டு. அவர்கட்கு அன்று சரிவர விடையிறுக்க இயலவில்லை. இம்மலரின் வாயிலாக இப்பொழுது கூறுகின்றோம்.

மருத்துவம் நாம் அறியோம். வருவோரை வரிசையில் அமர்த்துதல், எழுதத் தெரியாதார்க்குப் படிவம் எழுதுதல், கண் தெரியாதாரை அழைத்துச் செல்லுதல் ஆகியவையே நமக்கு வாய்த்த பணிகள்.

அம்மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள். இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 58-ஆம் வயதில் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். பணம் உள்ளவர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு இல்லாதவர்க்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பதே அவர் வகுத்த முறை. 2006-இல் அவர் மறைந்தார், முறை மறையவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவோம். பெரட்டுக்கு எழுந்து பழகிய தோட்டத்து உடம்பு அன்றோ! ஏழு மணிக்கெல்லாம் அறுவைக் கூடத்தில் பணி தொடங்கிவிடும். கிராமங்களில் நடைபெறும் கண் முகாம்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பேருந்துகளில் வந்து இறங்குவர். பெரும்பாலோர் வயல் வேலை செய்து முதிர்ந்தவர்கள். கையில் ஒரு துணிப்பை, அதனுள் ஒரு மாற்றுச் சேலை அல்லது வேட்டி, அவ்வளவே. அவர்கட்குப் பாய், உணவு, அறுவை, போக்குவரத்து யாவும் இலவசம்.

முதல் நாளன்றே நாம் ஒரு பிழை செய்தோம். மூதாட்டி ஒருவரின் கையைப் பற்றி, முன்னே நடந்து, விரைந்து இழுத்துச் சென்றுவிட்டோம். படியில் கால் தடுக்கி அவர் தள்ளாடினார். அருகிலிருந்த செவிலிப் பெண்ணுக்கு வயது இருபதுகூட இராது. "சார், நீங்க அவங்கள புடிக்காதீங்க. அவங்க உங்க முழங்கைய புடிச்சுக்கட்டும். நீங்க அரையடி முன்னால நடங்க, போதும்," என்றாள். முப்பதாண்டுக் காலம் பிள்ளைகட்கு நடத்தை சொல்லிக் கொடுத்த நமக்கு, நடக்க அவள் சொல்லிக் கொடுத்தாள். அன்று முதல் அவ்வாறே செய்தோம்.

மறுநாள் அம்மூதாட்டியிடம், "பசியாறிட்டீங்களா, பாட்டி?" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "எந்த ஊரு ராசா நீ? பேச்சு வேற மாதிரி இருக்கே," என்றார். மலேசியா என்றோம். தம் பெரியப்பா ஒருவர் பால்மரம் வெட்டக் கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை என்றார். அதன் பிறகு அவர் நம்மை விட்டாரில்லை.

கண்புரை என்பது கண்ணினுள் இருக்கும் வில்லை மங்கிப் போவதேயன்றி வேறில்லை. மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்துவர். ஒரு கூடத்தில் இரு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவரை ஆயத்தம் செய்துவிடுவர். மருத்துவர் திரும்பி அமர்ந்து அடுத்ததைத் தொடங்குவார். ஒருவர்க்குச் சில நிமிடங்களே ஆகும். செயற்கை வில்லைகளையும் 1992 முதல் அவர்களே மதுரையில் குறைந்த விலையில் செய்து வருகின்றனர்.

சில நிமிடங்கள்! அச்சொல்லைக் கேட்ட இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நம் அன்னையார் பால்மரம் சீவியவர். கண் மங்கியபின், மங்கில் பால் நிறைந்ததா என்று விரலை விட்டுப் பார்ப்பார். நாம் அப்பொழுது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தோம். விடுமுறைக்கு வந்தபோது, "வயசாச்சுப்பா, அப்படித்தான் இருக்கும்," என்றார். நாமும் நம்பினோம். அரசாங்க மருத்துவமனை பன்னிரண்டே மைல் தொலைவில் இருந்தது. படித்த மகன் ஒரு நாள் பேருந்தில் அழைத்துச் சென்றிருக்கலாம். நம் மூத்த மகளின் முகத்தை அவர் கையால் தடவியே அறிந்தார். 1996-இல் காலமானார்.

அறுவைக்கு மறுநாள் காலை மூதாட்டியின் கட்டை அவிழ்த்தனர். விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டனர், சரியாகச் சொன்னார். பிறகு நம்மை நெடுநேரம் உற்றுப் பார்த்து, "நீ சின்னப் பையன்னுல்ல நெனச்சேன், தலையெல்லாம் நரைச்சுப் போச்சே!" என்றார். கூடியிருந்தோர் அனைவரும் சிரித்தனர். நாம் வராந்தாவுக்குச் சென்று சற்று நேரம் தனியே நின்றோம்.

நாடு திரும்பிய பின், பள்ளிப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டோம்: வீட்டில் சோற்றைத் தடவி உண்ணும் தாத்தா பாட்டி எவரேனும் உண்டா? மூன்று கைகள் உயர்ந்தன. இருவரை நம் காரிலேயே மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மூன்றாமவர், "தைப்பூசம் கழியட்டும், வாத்தியாரே," என்றார். தைப்பூசம் கழிந்த மறுநாளே அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம், முழங்கையை நீட்டினோம்.