மண் காயும் நேரம்

நாவல் பாதியில் நின்றது. வாரத் தொடரின் அடுத்த அத்தியாயத்தை வியாழனுக்குள் அனுப்பியாக வேண்டும். மலையாளச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்பும் வானொலிக்கு ஒப்புக்கொண்ட நாடகமும் கூடவே ஓடிக்கொண்டிருந்தன. அந்த வாரத்தில்தான் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் வார்ப்புப் பட்டறைக்குப் போனேன்.

உள்ளே முழுதாக முடிந்த சிலை ஒன்றுகூட இல்லை. சுவரோரம், மண் பூசிக் கம்பி கட்டிய உருவங்கள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு இளைஞர்கள் வார்த்தெடுத்த சோமாஸ்கந்தரை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மெழுகில் அம்மனின் கையைச் செய்துகொண்டிருந்தார். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. தணலில் காட்டிய தட்டையான இரும்பால் விரலின் கணுவை நீவினார். இளகுவதற்குள் அந்த மெழுகுக் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். பாதங்களும் கிரீடமும் ஏற்கெனவே அங்கே கிடந்தன.

“எத்தனை சிலை ஓடுதுங்கய்யா?”

“ஆறு ஏழு இருக்கும் தம்பி. ஒண்ணை மட்டும் வச்சிக்கிட்டு உக்காந்தா, மண்ணு காயிற வரைக்கும் வானத்தைத்தான் பாக்கணும்.”

மெழுகின் மேல் முதலில் பூசுவது காவிரியின் நைஸான வண்டல். கருக்கிய உமியை அரைத்துச் சேர்த்திருப்பார்கள். நகக்கோடு வரை பதிய வேண்டியது இந்தப் பூச்சில்தான். அது காய்ந்த பிறகு வயல் மண், அதற்கும் மேல் கரடான மணல் கலந்த மண். ஒவ்வொன்றும் நிழலில்தான் காய வேண்டும், வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். அந்த இடைவெளியில் அடுத்த சிலையின் மெழுகு உருவாகிறது.

பல வேலைகளைக் கையில் வைத்திருப்பவனைக் கவனம் சிதறியவன் என்று சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல என்று எனக்கு உறுதியாகவே தோன்றியது. எழுதி முடித்த அத்தியாயத்தை மறுநாளே படித்தால், நான் சொல்ல நினைத்ததுதான் கண்ணில் படும், எழுதியிருப்பது படாது. அது கிடந்து காய வேண்டும். அந்த நாட்களை மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கலாம். பெரியவர் தென்னை ஓலையை மடித்து மடித்துச் சிலையின் அளவைக் குறித்துக்கொள்கிறார். உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் உச்சி முதல் பாதம் வரை 124 பாகம். மொழிபெயர்ப்பும் அப்படித்தான். இன்னொருவர் வகுத்த அளவுக்குள் நின்று செய்கிற வேலை வேறொரு புத்தியைக் கேட்கிறது. நாவலில் களைத்த மனம் அங்கே இளைப்பாறும்.

ஆனால் வார்ப்பு நாளன்று இந்தக் கணக்கெல்லாம் நின்றுவிடுகிறது. வறட்டித் தீயில் சுட்டதும் மெழுகு உருகி வெளியேறிவிடும். வெற்று அச்சைக் குழியில் இறக்கி, சுற்றிலும் மண் இறுக்கி, உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். பெரும்பங்கு செம்பு, கூடப் பித்தளையும் ஈயமும், பேருக்குப் பொன்னும் வெள்ளியும். மெழுகின் எடையைப் போல எட்டுப் பத்து மடங்கு உலோகம் வேண்டியிருக்கும். ஊற்றும் தாரை நடுவில் அறுந்தால் சிலை பழுது. மெழுகும் போய்விட்டதால் மறுபடி முதலிலிருந்து.

“அன்னைக்கு வேற சிலைப் பக்கமே போக மாட்டோம்” என்றார் பெரியவர்.

நாவலிலும் அப்படிச் சில பக்கங்கள் உண்டு. அவற்றை எழுதும் நாளில் வாரத் தொடருக்கு இடம் கிடையாது.

சிலைத்தொழில் என்றாலே நெருப்பும் வார்ப்பும்தான் படங்களில் வருகின்றன. உடலை வாங்கும் உழைப்பு அச்சை உடைத்த பிறகுதான் தொடங்குகிறது. இளைஞர்களில் ஒருவர் சின்ன உளியால் இடையாடையின் மடிப்பை ஒவ்வொரு கோடாக எடுத்தார். ஒரு விரற்கடை நகர்வதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது. அவர் விரலிடுக்குகளில் உலோகத்தூள் கருத்துப் படிந்திருந்தது. வாங்குபவர் யாருக்கும் அவர் பெயர் தெரியப்போவதில்லை. தெரிய வேண்டும்.

“ஒரே சிலையில நாள் முழுக்க உக்காருவீங்களா?” என்று கேட்டேன்.

“முகவேலை காலை வெளிச்சத்துல மட்டும்தான் சார். கண்ணு அலுத்துட்டா வேற சிலைக்குப் போயி ராவுற வேலை பாப்பேன். அலுத்த கண்ணோட முகத்தைத் தொடக் கூடாது.”

நாவலுக்குக் காலை, மொழிபெயர்ப்புக்கு மதியம் என்று அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டேன். நாடகத்தை அடுத்த மாதம் தர முடியுமா என்று வானொலி நிலையத்துக்குப் பட்டறை வாசலிலிருந்தே போன் செய்து கேட்டேன்.