பூனை பழி வாங்காது

பூனை ஒண்ணுக்குப் போற விஷயத்தைப் பத்தி ஒரு விவசாயி எழுதணுமான்னு சிரிக்காதீங்க. இதைப் படிக்கிற உங்கள்ல நிறைய பேர் சென்னையில அடுக்குமாடி வீட்டுல பூனை வளக்கறவங்க. அது ஒரு நாள் லிட்டர் பாக்ஸை விட்டுட்டு சோபா மேலயோ துணிக்கூடையிலயோ போக ஆரம்பிச்சா வீட்டுல பெரிய சண்டையே நடக்கும். "கொழுப்பு", "வேணும்னே செய்யுது"ன்னு பேச்சு வரும். கடைசியில "கொண்டுபோய் எங்கயாவது விட்டுடு"ன்னு வந்து நிக்கும். அந்த "எங்கயாவது" பல தடவை எங்க கடலோரப் பக்கமா இருக்கு. அதனால இதுல பேச எனக்கும் பாத்தியதை உண்டு.

எங்க ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம். கிழக்கால 15 கிலோமீட்டர் போனா மாமல்லபுரம் கடல். நெல்லும் வேர்க்கடலையும் போடறோம், ரெண்டு மாடு, நாலு ஆடு. பூனை எப்பவும் ரெண்டு மூணு இருக்கும். யாரும் வாங்கி வளத்தது இல்ல, அதுங்களா வந்ததுங்க. வீட்டுல நெல்லு மூட்டையும் கடலை மூட்டையும் இருக்கிற வரைக்கும் எலி வரும், எலி வர்ற வரைக்கும் பூனை வரும். இந்த உறவு ரொம்பப் பழசு. சைப்ரஸ் தீவுல ஒரு மனுஷனைப் புதைச்ச குழிக்குப் பக்கத்துலயே ஒரு பூனையையும் புதைச்சிருந்ததைத் தோண்டி எடுத்து 2004-ல வெளியிட்டாங்க. அதுக்கு 9,500 வருஷம் வயசு. மனுஷன் தானியத்தைச் சேத்து வெக்க ஆரம்பிச்ச காலத்துலயே பூனையும் பின்னாடியே வந்துடுச்சு.

எங்க ஊர்ப் பூனைக்குக் கக்கூஸ் பிரச்சினை கிடையாது. உழுத கொல்லை, வீடு கட்டக் கொட்டி வெச்ச மணல், அடுப்புச் சாம்பல் மேடுன்னு பொலபொலன்னு இருக்கிற எந்த இடமும் அதுக்குச் சரி. தோண்டும், போகும், மோந்து பாக்கும், மூடிட்டு வந்துடும். தொந்தரவு எங்களுக்குத்தான். கத்தரி விதை போட்ட மேட்டுப்பாத்தின்னா அதுக்கு உசுரு. புது மண்ணு, பூவா இருக்கும் பாருங்க. அதனால விதை முளைச்சு வர்ற வரைக்கும் பாத்தி மேல முள்ளு பரப்பி வெப்போம்.

இதைப் பாத்துப் பாத்தே பூனைக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியும். மண்ணு மெதுவா இருக்கணும். ஈரம் கூடாது. வாசனை கூடாது. நாலு பக்கமும் பாக்கற மாதிரி இருக்கணும், நாய் வந்தா ஓட வழி வேணும். நேத்து போன இடத்துலயே இன்னைக்கும் குந்தாது. சோறு தின்ற இடத்துக்குப் பக்கத்துலயும் போகாது. உங்க லிட்டர் பாக்ஸ் இதுல எத்தனைக்குத் தேறும்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

எங்க சின்ன பொண்ணு சோழிங்கநல்லூர்ல இருக்கா. அஞ்சாவது மாடி. ஒரு செம்பட்டைக் கடுவன் பூனை வளக்கறா. மூணு வயசு, காயடிச்சது. போன பங்குனியில ஒரு ராத்திரி போன் பண்ணா.

"அப்பா, இது ரெண்டு நாளா பாக்ஸ்ல போக மாட்டேங்குது. மெத்தையில போகுது, பாத்ரூம் தரையில போகுது. நான் வேலைக்குப் போறதுக்குப் பழி வாங்குதுன்னு அவர் சொல்றார். ஊருக்குக் கொண்டாந்து விட்டுடட்டுமா?"

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஏம்மா, போறப்ப எவ்வளவு போகுது?"

அவ யோசிச்சா. "கொஞ்சமாதான்பா. சொட்டுச் சொட்டா. நிறைய தடவை குந்துது. ஒரு மாதிரி கத்துது."

"அங்கயே நக்கிக்கிட்டே இருக்குதா?"

"ஆமாம்பா."

"அப்ப இதுக்குப் பேரு பழி இல்லம்மா, நீரடைப்பு. காலையில வரைக்கும் வெச்சுக்காத, இப்பவே தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போ."

நான் ஒண்ணும் பூனை வைத்தியன் இல்ல. ஆடு மாடு வெச்சிருக்கிற யாரும் இதைக் கேப்பாங்க. கிடாவுக்குத் தவிடும் தானியமும் அதிகமா போட்டா மூத்திரத்துல கல்லு சேரும். ஆண் ஜாதிக்கு மூத்திரக் குழாய் குறுகல். எருதுக்கு அது உள்ளே வளைஞ்சு நெளிஞ்சு வேற போகும், அந்த வளைவுல கல்லு போய் மாட்டிக்கும். கிடா காலை அகட்டி நிக்கும், வாலை ஆட்டிக்கிட்டே முக்கும், சொட்டு சொட்டா வரும். அப்புறம் அதுவும் நின்னுடும். அந்த நேரத்துல பாக்கலைன்னா கிடா போச்சு. கடுவன் பூனைக்கும் இதே கதைதான். பொட்டைப் பூனைக்கு நீர்க்கடுப்பு வரும், ஆனா இப்படி முழுசா அடைக்கிறது அபூர்வம். கடுவனுக்கு ஒரு துளி மணல் மாதிரி கல்லோ, சளி மாதிரி அடைப்போ போதும்.

மூத்திரம் முழுசா நின்னுட்டா ஒரு நாள், ரெண்டு நாள்தான் கணக்கு. வெளியே போக வேண்டிய விஷம் உடம்புலயே தங்குது. ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுடும். "மெத்தையை நாறடிச்சிடுச்சு"ன்னு வீட்டுல நாம திட்டிக்கிட்டு இருக்கிற அந்த ரெண்டு நாள்லயே அது செத்துப்போகும்.

நல்ல வேளையா அவ அந்த ராத்திரியே தூக்கிக்கிட்டுப் போனா. வயித்தைத் தொட்டுப் பாத்த டாக்டர், மூத்திரப்பை கல்லு மாதிரி இறுகிப்போய் இருக்குன்னார். மயக்க ஊசி போட்டு, மெல்லிசா ஒரு குழாய் விட்டு எடுத்தாங்க. மூணு நாள் அங்கயே வெச்சிருந்தாங்க. செலவு 14,000 ரூபாய். மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணி, "மாமா, இந்தக் காசுக்கு ஊர்ல ரெண்டு ஆடு வாங்கலாம்ல?"ன்னு கேட்டார். "வாங்கலாம் மாப்பிள்ளை. அந்த ஆட்டுக்கும் இது வந்தா அப்பவும் வைத்தியம் பாத்துத்தான் ஆகணும்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை, அப்புறம் சிரிச்சுட்டார்.

காசு இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. வேப்பேரியில அரசாங்கக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, 1903-ல ஆரம்பிச்சது. அங்க ஆஸ்பத்திரியில நாய் பூனைக்கும் பாக்கறாங்க. இன்னொண்ணு, வலியில கத்துதேன்னு வீட்டுல இருக்கிற பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துடாதீங்க. மனுஷனுக்கு மருந்து, பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே கொன்னுடும்.

கதை இதோட முடியலை. குழாயை எடுத்து வீட்டுக்கு வந்த அப்புறமும் பூனை பாக்ஸ் பக்கமே போகலை. இப்ப மூத்திரம் தாராளமா போகுது, ஆனா துணிக்கூடையில போகுது. "இப்ப என்னப்பா சொல்றீங்க?"ன்னா பொண்ணு. நான் பஸ் ஏறிப் போய்ப் பாத்தேன்.

பாக்ஸ் வாஷிங் மெஷின் பக்கத்துல இருந்துது. மூடி போட்ட பாக்ஸ், ஒரே ஒரு வாசல். உள்ளே போனா வெளிய என்ன வருதுன்னே தெரியாது. புது லிட்டர் வாங்கியிருந்தாங்க, பூ வாசனை போட்டது. நமக்கே மூக்கை அடைச்சுது. இதெல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. அந்த பாக்ஸ்ல குந்தினப்பதான் அதுக்கு உசுரு போற வலி வந்துது. வலி போயிட்டாலும் இடம் மனசுல நிக்குது. வண்டிக்காரன் அடிச்ச இடத்துல மாடு மறுபடியும் மிரளுது இல்லையா, அது மாதிரிதான்.

இந்த லிட்டர் மண்ணே நம்ம வாழ்நாளுக்குக் கொஞ்சம் முன்னால வந்ததுதான். அதுக்கு முன்ன வெளிநாட்டுலயும் பூனைக்கு மணலும் அடுப்புச் சாம்பலும்தான். 1947-ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல எட் லோவ்னு ஒருத்தர்கிட்ட பக்கத்து வீட்டு அம்மா பூனைக்கு மணல் கேட்டாங்க. சாம்பல் போட்டா வீடு பூரா கால் தடமா ஆகுதுன்னு அவங்களுக்குக் கஷ்டம். அவர் தன்கிட்ட இருந்த ஒரு களிமண்ணைக் கொடுத்தார். நம்ம பொண்ணுங்க முகத்துக்குப் பூசற முல்தானி மிட்டி இருக்கே, அந்த ஜாதி மண்ணு. ஈரத்தை நல்லா உறிஞ்சும். அதுதான் பெரிய வியாபாரமா வளந்துது. இப்ப நீங்க வாங்கற, கட்டி கட்டியா சேர்ற பென்டோனைட் மண்ணு 1980கள்ல வந்துது. ஆக, அந்த பாக்ஸுங்கறது வேற ஒண்ணும் இல்ல, அஞ்சாவது மாடிக்குத் தூக்கிக்கிட்டுப் போன கொல்லை. கொல்லை மாதிரி இருந்தா பூனை போகும்.

அதனால நாங்க செஞ்சது இதுதான். மூடி இல்லாத அகலமான பிளாஸ்டிக் டப் ரெண்டு வாங்கினோம். பூனை நீளத்துக்கு ஒன்றரை மடங்கு இருந்தா நல்லது. எத்தனை பூனையோ அதுக்கு ஒண்ணு கூடுதலா டப் வெக்கணும்னு டாக்டரும் சொல்லியிருந்தார். ஒண்ணை பால்கனி மூலையில, இன்னொண்ணை ரூம் ஓரத்துல, சத்தம் இல்லாத இடமா வெச்சோம். வாசனை இல்லாத பொடி லிட்டர் போட்டு, மேல ஒரு கை எங்க கொல்லை மணல் தூவினேன். சலிச்சு, ரெண்டு நாள் நல்ல வெயில்ல காய வெச்சு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். அது வந்து மோந்து பாத்துது. ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடுச்சு. மறுநாள் விடியக்காலையில சரக் சரக்குன்னு தோண்டற சத்தம் கேட்டுது. பொண்ணு எழுந்து வந்து கதவோரமா நின்னு பாத்துட்டு அழுதுட்டா.

ஏற்கனவே போன இடத்தைப் பினாயில் போட்டுக் கழுவாதீங்க. பூனை ஒடம்புக்கு அது ஆகாது, பாதத்துல பட்டதை நக்கிச்சுன்னா உள்ளே போயிடும். அமோனியா கலந்த திரவமும் வேணாம், அந்த வாசனை மூத்திரம் மாதிரியே இருக்கறதால "இதுதான் இடம்"னு நினைச்சுக்கும். நொதி கலந்த கரைசல் கடையில கிடைக்குது, அதுல துடைச்சா வாசனை அடியோட போகும். தினமும் அள்ளிப் போடுங்க. வீட்டுல கர்ப்பிணி இருந்தா அந்த வேலையை வேற யாராவது செய்யணும். பூனை மலத்துல வரக்கூடிய ஒரு கிருமி வயித்துல இருக்கிற புள்ளைக்குக் கெடுதல். அது தொத்தற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதனால தினமும் அள்ளினா அந்த பயமும் குறையும்.

சாப்பாட்டையும் மாத்தினோம். பூனையோட முப்பாட்டன் வறண்ட நாட்டுக் காட்டுப்பூனை. தண்ணியைத் தேடிக் குடிக்கிற பழக்கம் அதுக்குக் கம்மி, எலிக் கறியில இருக்கிற தண்ணியே போதும். பாக்கெட்டுல வர்ற உலர்ந்த தீனியில அந்தத் தண்ணி இல்ல. அதையே தின்னா மூத்திரம் கெட்டியாகும். ஈரமான தீனியும், ரெண்டு மூணு இடத்துல கிண்ணத்துல தண்ணியும் வெச்சா அடைப்பு திரும்பி வர்றது குறையும்.

ஒண்ணை மட்டும் தனியா பிரிச்சுப் பாருங்க. காயடிக்காத கடுவன் வாலைத் தூக்கி, நின்ன வாக்குல சுவத்துல பீச்சி அடிக்கும். அது எல்லை கட்டற வேலை. காயடிச்சா பெரும்பாலும் நின்னுடும். குந்தி, முக்கி, சொட்டு சொட்டாப் போறது வேற. அது நோவு.

மாமல்லபுரம் வர்றவங்க அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பாக்காம போறதில்ல. பல்லவர் காலத்துல, ஏழாம் நூற்றாண்டுல செதுக்கினது. அதுல கீழே ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு, முன்னங்கை ரெண்டையும் தூக்கித் தவம் செய்யும். சுத்தி எலிங்க. மகாபாரதத்துலயும் கங்கைக் கரையில பொய்த் தவம் செஞ்ச பூனைக் கதை வருது. எல்லாரும் அதைக் காட்டிச் சிரிச்சு போட்டோ எடுத்துக்குவாங்க. 1,300 வருஷமா அந்தப் பூனை கல்லுல கள்ளனா நிக்குது. கதைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டுப் பூனையையும் அதே கண்ணால பாத்தா ஆபத்து. பூனை வஞ்சம் வெச்சு மெத்தையில போகாது. தன் அழுக்கைத் தானே மூடற ஜாதி அது. அது மூடாம போச்சுன்னா முதல்ல ஒடம்பைப் பாருங்க, அப்புறம் மண்ணைப் பாருங்க, அப்புறம் இடத்தைப் பாருங்க. அதோட குணத்தைக் கடைசியா பாத்துக்கலாம். பெரும்பாலும் அந்தக் கடைசி வரைக்கும் போகவே வேண்டியிருக்காது.

கடலோரத்துல மீன் விக்கிற இடத்துல பூனையைக் கொண்டுவந்து இறக்கிட்டு, "மீன் தின்னு பொழைச்சுக்கும்"னு சொல்லிட்டுக் கார் ஏறிப் போறாங்க. பொழைக்காதுங்க. அஞ்சாவது மாடிப் பூனைக்கு நாய்ன்னா என்னன்னு தெரியாது, லாரின்னா என்னன்னு தெரியாது. அங்க ஏற்கனவே இருக்கிற பூனைங்க ஒரு மீன் தலையைக்கூட விட்டுக் கொடுக்காது. நோவோட இறக்கி விட்டா ரெண்டு நாள்கூடத் தாங்காது. ஆகவே காரை எடுக்கறதுன்னா ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புங்க. திரும்பி வந்து மணல் வேணும்னா கேளுங்க, எங்க கொல்லையில நிறைய இருக்கு. சலிச்சு, காய வெச்சே தர்றேன்.