சுண்ணாம்பு பூசி மறைத்தேன்

எங்கள் கொல்லைத் தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்ததை முதலில் பார்த்தவன் நான். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தபோது, மிச்சச் சுண்ணாம்பை இடுப்பளவுக்குப் பூசி அந்தக் கறையை மறைத்தவனும் நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. பேராவூரணிப் பக்கம் தென்னையோடு வளர்ந்தவனுக்கு அது என்னவென்று தெரியாதா?

தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேரைப் பிடிக்கும். வேர் அழுகத் தொடங்கிய பிறகே தண்டில் சாறு வடியும், அடிமட்டைகள் பழுத்துத் தொங்கும், குரும்பை கொட்டும். நம் கண்ணில் படும்போதே நோய் முற்ற ஆரம்பித்திருக்கும். அப்படிப்பட்ட நோய்க்குத்தான் நான் வெள்ளையடித்தேன்.

அந்தத் தென்னை அம்மா வைத்த பிள்ளை. 2018இல் கஜா புயல் தோப்பு தோப்பாகச் சாய்த்தபோதும் நின்ற மரம். நோய் என்று வாய்விட்டுச் சொன்னால் வெட்டச் சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். அந்தப் பயத்தைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு. எங்கள் மோட்டார் தண்ணீர் இந்த மரத்துப் பாத்தி வழியாகத்தான் பக்கத்து வீட்டு அக்காவின் மரங்களுக்குப் போகும். நோய்ப்பட்ட மரத்தடியில் ஓடிய தண்ணீர் அடுத்த மரத்துக்கும் பூஞ்சையைக் கொண்டுபோகும் என்பது எனக்குத் தெரியும். "தம்பி, மரத்துல என்னமோ வடியுற மாதிரி இருக்கே?" என்று அக்கா கேட்டார். "வயசான மரம்க்கா, அப்படித்தான்" என்றேன். வாய்க்காலையும் மாற்றவில்லை.

அடுத்த கோடையில் அக்காவின் வேலியோரத்து மரத்திலும் அதே சாறு. என் மரத்திலிருந்துதான் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் பொய் சொன்னது நிஜம். அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அக்கா கத்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பாத்திருக்கலாமே தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன்பிறகுதான் வைத்தியம். மரத்தைச் சுற்றி ஆழமாக அகழி வெட்டி வாய்க்காலைத் திருப்பினோம். 400 கிராம் மயில்துத்தம், 400 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 40 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் போர்டோ கலவையைப் பிளாஸ்டிக் வாளிகளில் கலந்து, ஒவ்வொரு மரத்தடியிலும் சுற்றிலும் மண் நனைய ஊற்றினோம். இந்தக் கலவைக்கு இரும்புப் பாத்திரம் ஆகாது. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு வைக்கிறோம். பென்சில் பருமனுள்ள உயிர்வேரைத் தோண்டியெடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்துப் பையில் நுழைத்துக் கட்டவும் பழகிக்கொண்டேன். மருந்து கட்டினால் 45 நாள் காய் பறிக்கக் கூடாது.

அக்காவின் மரம் ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் தேறிவிட்டது, காய்க்கிறது. அம்மாவின் மரத்தில் சாறு நின்றிருக்கிறது. பாளை வருகிறது, காய் தங்குவதில்லை. அது பட்டுப்போனால் வேரோடு தோண்டி எரித்துவிடுவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மரத்தடியில் சாறு வடிந்தால், மருந்துக்கடைக்குப் போகும் முன் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள்.