குதிகாலுக்கு ஒரு மெழுகு

படப்பையில் எங்கள் வீட்டில் முகத்துக்குப் பூசும் கிரீம் எப்போதும் இருந்தது. காலுக்கு எதுவும் இருந்ததில்லை.

அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறாள். எட்டு மணி நேரமும் ஈரத் தரை, சோப்புத் தண்ணி. பித்தவெடிப்பில் ரத்தம் கசியும். ராத்திரி மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவிக்கொள்வாள். விடிந்தால் மறுபடி ஈரம்.

"எனக்கு எதுக்குடி கிரீமு? பாக்க வர்றவங்க உன் மூஞ்சியத்தான பாப்பாங்க."

நான் கறுப்பு. அதனால் மாதாமாதம் மளிகையோடு ஒரு சிவப்பழகு கிரீமும் வரும். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 ஆனது. நான் அதற்கு முன்பே பூசி ஓய்ந்திருந்தேன்.

வேதியியல் படித்தபோதுதான் கிரீம் டப்பாக்களின் பின்பக்கத்தை வாசிக்கப் பழகினேன். ஒன்றில் 'செட்டில் பால்மிடேட்' என்றிருந்தது. 16 கார்பன் உள்ள ஆல்கஹாலும் 16 கார்பன் உள்ள கொழுப்பு அமிலமும் சேர்ந்த எஸ்டர், வெள்ளை மெழுகு. சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. தோலில் பூசினாலோ, உள்ளிருக்கும் நீர் சீக்கிரம் வெளியேறாமல் தடுக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். யாரையும் அது சிவப்பாக்காது.

முன்பு இந்த மெழுகுக்காகத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். தலைக்குள்ளிருந்து எடுத்தபின் ஆறி வெள்ளையாக உறைந்ததை விந்து என்று நினைத்து, அந்த இனத்துக்கே 'ஸ்பெர்ம் வேல்' என்று பெயர் வைத்தார்கள். பெண் திமிங்கிலத்தின் தலையிலும் அதே மெழுகுதான் இருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. வணிக வேட்டையை நிறுத்த சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1982இல் முடிவெடுத்தது. இப்போது பாமாயில் போன்ற தாவர எண்ணெய்களிலிருந்து ஆலையில் இதைத் தயாரிக்கிறார்கள்.

முதல் சம்பளத்தில் தாம்பரம் மெடிக்கல் ஷாப்பில் அந்த மெழுகு கலந்த கிரீம் ஒன்றை அம்மாவின் காலுக்கென்று வாங்கினேன். டப்பாவைத் திறந்தவள் முதலில் என் கன்னத்தில் தடவ வந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"விடுடி, அழுக்கு."

விடவில்லை. அவளுக்கு எப்படி உட்காருவதென்றே தெரியவில்லை. தனக்கென்று ஒருவர் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

சில வாரங்களில் சின்ன வெடிப்புகள் மூடின. பெரியவை மூடவில்லை, தரை ஈரமாகவே இருந்தது. போன மாதம் அவளும் உடன் வேலை செய்யும் பெண்களும் சூப்பர்வைசரிடம் ரப்பர் பூட்ஸ் கேட்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. மறுபடி கேட்கப் போகிறார்களாம்.