1090 மெகாஹெர்ட்ஸ்

டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட யூஎஸ்பி டாங்கிள், ஒரு ராஸ்பெர்ரி பை, ஏழு சென்டிமீட்டர் கம்பி. விமானங்களைக் கேட்க இவ்வளவு போதும். தான் எங்கே, எந்த உயரத்தில், என்ன வேகத்தில் போகிறோம் என்று 1090 மெகாஹெர்ட்ஸில் அவையே சொல்லிக்கொண்டு போகின்றன. காலாப்பட்டு மொட்டைமாடிக்குக் கிழக்கே வெறும் கடல், மறைக்க ஒன்றுமில்லை.

பூமியைத் தவிர. 35,000 அடியில் பறந்தாலும் நானூறு கிலோமீட்டர் சொச்சத்தில் வளைவு மறைத்துவிடும். தம்பி போன சிங்கப்பூர் விமானம் வங்கக்கடல் மேல் சட்டென்று காணாமல் போனபோது அம்மா கேட்டாள்: "எங்கடா போச்சு?"

"ரேஞ்ச் தாண்டிடுச்சும்மா."

அவளுக்கு இந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேருடன் இதே கடல் மேல் ராடாரிலிருந்து மறைந்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்த செய்தி வந்தது 2024 ஜனவரியில். ஏழரை வருஷம். திரையில் இரண்டு மறைவும் ஒரே மாதிரிதான் இருக்கும்: புள்ளி இருந்தது, இல்லை.

தம்பி "லேண்ட் ஆயிட்டேன்" என்று மெசேஜ் போடும்வரை அம்மா திரையை அணைக்க விடவில்லை.